தலைவலியும் வாந்தியும் மறைத்த கண்: திடீர்க் கோண அடைப்பால் பார்வை குறைந்த ஒருவரின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் இடம்பெறுபவர் 58 வயதுப் பெண். தமிழகத்தின் உள்மாவட்டம் ஒன்றில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தி வருபவர். அவருடைய ஒப்புதலைப் பெற்று, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிய பின்னரே இதை எழுதுகிறேன். கண் மருத்துவர்களைவிட, இரவு நேரத்தில் தலைவலி, வாந்தி என்று வருபவரை முதலில் பார்க்கும் பொது மருத்துவர்களும் செவிலியர்களும், கண்ணாடிக்குப் பவர் பார்ப்பவர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

அவருக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருந்தது. மழைக்காலத்தில் மூச்சிரைப்பு வந்தால் இன்ஹேலர் எடுத்துக்கொள்வார். நாற்பது வயதுக்கு முன்பிருந்தே பிளஸ் பவர் கண்ணாடி அணிபவர். கடைசியாகப் போட்டிருந்த கண்ணாடியில் தூரப் பார்வைக்கே இரு பக்கமும் மூன்றரை பவர் இருந்தது. தூரத்துக்கே இவ்வளவு பிளஸ் பவர் தேவைப்படும் கண் பொதுவாக நீளம் குறைந்த, சிறிய கண். அதற்குள் வயது ஏற ஏற லென்ஸ் தடித்துக்கொண்டே வருவதால், கருவிழிக்கும் லென்ஸுக்கும் இடையே உள்ள கண்ணின் முன் அறையில் இடம் சுருங்கிக்கொண்டே போகும். அப்போது கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் கோணம் அடைபட்டு அழுத்தம் ஏறலாம்; இதுவே கோண அடைப்பு. ஆண்களைவிடப் பெண்களுக்கும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும், ஆசிய மக்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். இவருடைய தாயாருக்கு முதுமையில் ஒரு கண் "வலித்துச் சிவந்து, பிறகு பார்வை போய்விட்டது" என்பதைப் பின்னர் கேட்டு அறிந்தோம். காரணம் என்னவென்று அன்று யாரும் சொல்லவில்லையாம்.

நிகழ்வுக்கு முந்தைய சில மாதங்களில், மாலை மங்கிய பிறகும் குனிந்து தைத்துக்கொண்டிருந்த நாட்களில், வலது புருவத்தின் மேல் ஒரு பாரம் வந்து போயிருக்கிறது. அந்த நேரங்களில் தெருவிளக்கைச் சுற்றி வானவில் நிறத்தில் வளையம் தெரிந்ததாகவும், தூங்கி எழுந்தால் சரியாகிவிட்டதாகவும் அவர் சொன்னார். பவர் மாறியிருக்கும் என்று நினைத்துக் கண்ணாடிக் கடைக்குப் போய்ப் புதுக் கண்ணாடி வாங்கினார். அங்கே பவர் சரியாகவே பார்க்கப்பட்டது; கண் அழுத்தம் பார்க்கப்படவில்லை. வந்து வந்து தானே தணிந்த அந்தப் பாரமும் வளையமும் சிறிய அளவிலான கோண அடைப்புகள் என்றே இப்போது கருதுகிறோம்.

சனிக்கிழமை இரவிலிருந்து திங்கட்கிழமை காலை வரை

அந்தச் சனிக்கிழமை அவருக்குச் சளி பிடித்திருந்தது. மருந்துக் கடையில் வாங்கிய சளி மாத்திரையை மாலையிலும் இரவு உணவுக்குப் பிறகும் விழுங்கினார். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த வழக்கமான கலவை அது. இரண்டுமே கண் பாப்பாவை ஓரளவு விரிக்கக்கூடியவை. பேரனைத் தூங்க வைக்க விளக்கணைத்த அறையில் வெகுநேரம் இருந்தார். இரவு பத்து மணியளவில் வலது பக்கத் தலை பிளப்பதுபோல் வலி எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கியது.

குடும்பத்தினர் அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர். இரத்த அழுத்தம் 180/100 இருந்தது. சர்க்கரை நோயாளி, கடுமையான தலைவலி, வாந்தி, உயர்ந்த இரத்த அழுத்தம் என்ற நான்கும் சேரும்போது மூளையில் இரத்தக் கசிவை முதலில் நினைப்பது நியாயமானது. தலை ஸ்கேன் எடுக்கப்பட்டது; அதில் குறை ஒன்றும் இல்லை. பின்னர் வாந்திக்கும் வயிற்றுப் பிடிப்புக்கும் ஊசிகள் போடப்பட்டன. வயிற்றுப் பிடிப்புக்குப் போட்ட டைசைக்ளோமினும் கண் பாப்பாவை விரிக்கும் தன்மை கொண்டது. இரத்த அழுத்தத்தைக் குறைக்கவும் மருந்து தரப்பட்டது. கண்ணுக்குள் அழுத்தம் எகிறியிருக்கும் நிலையில் உடலின் இரத்த அழுத்தம் சட்டென இறங்கினால், பார்வை நரம்புக்குப் போகும் இரத்தம் மேலும் குறையும். கண்ணில் நடப்பது தெரியாதவரை அதை யாரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாது.

ஞாயிறு முழுவதும் அவர் கண்ணை மூடியே படுத்திருந்தார். கண் சிவந்திருப்பதை மகள் கவனித்துச் சொன்னபோது, வாந்தியெடுத்த சிரமத்தால் சிவந்திருக்கும் என்று பதில் வந்தது. வலது கண்ணில் பார்வை தெரியவில்லை என்பதை அவரே திங்கட்கிழமை காலையில் முகம் கழுவும்போதுதான் உணர்ந்தார். எங்களிடம் வந்தபோது வலி தொடங்கி ஏறத்தாழ 37 மணி நேரம் ஆகியிருந்தது.

பரிசோதனையில் கண்டவை

வலது கண்ணில் முகத்துக்கு நேரே கையசைப்பது மட்டுமே தெரிந்தது. இடது கண்ணில் கண்ணாடியுடன் 6/9 பார்வை இருந்தது (இயல்பானது 6/6). வலது கண்ணின் அழுத்தம் 58 மி.மீ. பாதரசம், இடது கண்ணில் 18. இயல்பான அழுத்தம் 10 முதல் 21 வரை என்பதை நினைவில் கொண்டால் அந்த 58-இன் கடுமை புரியும். மூடிய இமைமேல் விரல் வைத்துப் பார்த்தபோதே இடது கண் நெகிழ்ந்து கொடுத்தது. வலது கண் கல்லாக இருந்தது.

கருவிழி, அதாவது கண்ணின் முன்புறத் தெளிந்த படலம், நீர் கோத்து, ஆவி படிந்த கண்ணாடிபோல் மங்கியிருந்தது. அதைச் சுற்றிய வெள்ளைப் பகுதி கருஞ்சிவப்பாக இருந்தது. கண் பாப்பா பாதி விரிந்து, செங்குத்தாக நீண்ட முட்டை வடிவில் நின்றது. டார்ச் ஒளியைக் காட்டினால் அசையவே இல்லை. இடது கண்ணும் அமைப்பில் அதே மாதிரியானதுதான். வலியில்லை, சிவப்பில்லை, ஆனால் முன் அறை ஆழமற்று இருந்தது. கோனியோஸ்கோப்பியில் நான்கு கால்பகுதிகளில் மூன்றில், கண் நீர் வெளியேறும் வடிகால் சல்லடை கண்ணுக்குத் தெரியவில்லை. கோணம் பார்க்கும் இந்த லென்ஸை நலமாக இருக்கும் மறு கண்ணில் வைத்துப் பார்ப்பது, நோயுற்ற கண்ணில் நடந்தது என்ன என்பதை உறுதிசெய்ய மிகவும் உதவும். நோயுற்ற கண்ணின் கருவிழி மங்கியிருப்பதால் அதன் வழியே கோணத்தைப் பார்க்க முடியாது.

கண்ணுக்குள் நடந்தது

கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸ் திரைக்குப் பின்னால் சுரக்கும் நீர், கண் பாப்பாவின் வழியாக முன் அறைக்கு வந்து, கருவிழியும் ஐரிஸும் சேரும் கோணத்தில் உள்ள வடிகால் சல்லடை வழியே வெளியேற வேண்டும். இவருடைய கண்ணில் லென்ஸ் முன்னோக்கி வந்து ஐரிஸின் விளிம்பை ஒட்டியிருந்தது. பாப்பா பாதி விரிந்த நிலையில் அந்த ஒட்டுதல் மிக இறுக்கமாகும். நீர் பின்னால் தேங்கி ஐரிஸை முன்னே தள்ள, ஐரிஸின் அடிப்பகுதி சல்லடையின் மேல் போய் அடைத்துக்கொண்டது. சுரப்பு நிற்காமல் வடிகால் மட்டும் மூடிவிட்டால், சில மணி நேரத்திலேயே அழுத்தம் மும்மடங்கு ஏறும். கண்ணிலிருந்து எழும் இந்த வலி முக்கிளை நரம்பின் (டிரைஜெமினல்) வழியாகத் தலை முழுவதும் பரவி, குமட்டலையும் வாந்தியையும் தூண்டுகிறது. அதனால்தான் நோயாளிகள் பலர் கண்ணைச் சுட்டிக்காட்டாமல் தலையையும் வயிற்றையும் சொல்கிறார்கள்.

முதல் நாள்: எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மருந்து தொடங்குமுன் ஐந்து கேள்விகள் கேட்டோம்: மூச்சிரைப்பு உண்டா, சர்க்கரை உண்டா, இதயம் எப்படி, சிறுநீரகம் எப்படி, சல்பா மருந்து ஒவ்வாமை உண்டா. இந்த ஐந்துக்கும் கிடைத்த பதில்களே மருந்துப் பட்டியலைத் தீர்மானித்தன.

இன்ஹேலர் பயன்படுத்துபவர் என்பதால், கண் அழுத்தத்தைக் குறைக்கும் டிமோலால் சொட்டு மருந்தைத் தவிர்த்தோம். கண்ணில் விடும் சொட்டுதானே என்று எண்ணக்கூடாது. அது மூக்கின் வழியாக உடலில் கலந்து மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும். பதிலாகப் பிரிமோனிடின் விட்டோம். சர்க்கரை நோயாளி என்பதால் குடிக்கத் தரும் கிளிசராலைத் தவிர்த்தோம். முந்தைய மருத்துவமனையில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் இயல்பாக இருந்தது. இசிஜியும் சரியாக இருந்தது. சல்பா ஒவ்வாமை இல்லை. எனவே வாந்தியை நிறுத்த ஊசி போட்டு, அரை மணி நேரம் கழித்து, கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் குறைக்கும் அசெட்டசோலமைட் 250 மி.கி. மாத்திரைகள் இரண்டைத் தந்தோம். நரம்பு வழியாக 20 சதவீத மானிடால் 300 மி.லி.யை முக்கால் மணி நேரத்தில் ஏற்றினோம். அவருடைய எடை 54 கிலோ. ஆக ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலான அளவு. மானிடால் ஏறும்போது உடலில் நீர் சட்டென்று இடம்மாறுவதால், நாடியையும் மூச்சையும் ஒரு செவிலியர் அருகிலேயே அமர்ந்து கவனித்தார். அழற்சியைத் தணிக்கப் பிரெட்னிசோலோன் சொட்டு மருந்தும் தொடங்கப்பட்டது.

பாப்பாவைச் சுருக்கும் சொட்டான பைலோகார்பினை வலது கண்ணில் உடனே விடவில்லை. அழுத்தம் 40-க்கு மேல் இருக்கும்போது பாப்பாவைச் சுருக்கும் தசைக்கே இரத்தம் போகாததால் அந்தச் சொட்டு வேலை செய்யாது. அடுத்தடுத்து விட்டால் பக்க விளைவு மட்டுமே மிஞ்சும். ஆனால் அழுத்தம் இயல்பாக இருந்த இடது கண்ணில், அங்கும் அடைப்பு வராமல் தடுக்க, அன்றே விட்டோம்.

வெளிச்சம் கூசுகிறது, விளக்கை அணையுங்கள் என்று அவர் பலமுறை கேட்டார். தலைவலிக்காரருக்கு அறையை இருட்டாக்குவது வீட்டிலும் மருத்துவமனையிலும் இயல்பாகச் செய்யும் உதவி. இந்த நோயில் இருட்டு பாப்பாவை விரிக்கும் என்பதால், காரணத்தை எடுத்துச் சொல்லி விளக்கை எரியவிட்டோம். கண்ணைக் கட்டவும் இல்லை. லென்ஸ் பின்னோக்கி அமர உதவும் என்பதால் மல்லாந்து படுக்க வைத்தோம். கோனியோ லென்ஸால் கருவிழியின் நடுப்பகுதியில் இடைவெளிவிட்டுப் பலமுறை அழுத்தி, நீரைக் கோணத்தின் பக்கம் தள்ளவும் முயன்றோம்.

இரண்டு மணி நேரத்தில் அழுத்தம் 38-க்கு இறங்கியது. அப்போது வலது கண்ணில் பைலோகார்பின் விட்டோம். மாலையில் 26, மறுநாள் காலையில் 19. வலி அன்று மாலையே நின்றுவிட்டது. வலி நின்றதும் பார்வையும் திரும்பிவிடும் என்று குடும்பம் நம்பியது. அழுத்தம் இறங்குவது ஒன்று, நரம்பு பிழைப்பது வேறு. எவ்வளவு பார்வை மீளும் என்பது ஆறு வாரம் கழித்தே தெரியும் என்று அன்றிரவே மகளிடமும் மகனிடமும் சொன்னோம். இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாமல் இருந்தது சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

லேசர்: முதலில் நல்ல கண்ணுக்கு

மருந்தால் அழுத்தம் இறங்கினாலும் அடைப்புக்கான காரணம் அப்படியேதான் இருக்கிறது. ஐரிஸின் ஓரத்தில் யாக் லேசரால் சிறு துளையிட்டுவிட்டால், நீர் பாப்பாவை நம்பியிராமல் அந்த வழியே முன் அறைக்கு வந்துவிடும்.

மறுநாள் காலை முதலில் துளையிட்டது இடது கண்ணுக்கு. நோய் வலது கண்ணிலிருக்க நல்ல கண்ணில் ஏன் கைவைக்கிறீர்கள் என்று மகன் கேட்டார்; கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு கண்ணில் இத்தாக்குதல் வந்தவருக்குச் சிகிச்சை செய்யாத மறு கண்ணிலும் ஐந்து ஆண்டுகளுக்குள் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அவருக்கு இனி நம்பகமாக இருக்கப்போவது அந்த ஒரு கண்தான். விளக்கிய பிறகு ஒப்புக்கொண்டனர். இடது கண்ணில் துளை எளிதாக விழுந்தது.

வலது கண்ணில் கருவிழி தெளிய மூன்றாம் நாள்வரை காத்திருந்தோம். வீங்கிய ஐரிஸ் என்பதால் கூடுதல் ஆற்றல் தேவைப்பட்டது. சிறிது இரத்தம் கசிந்தது. லென்ஸால் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்ததும் நின்றது. ஒரு மணி நேரம் கழித்து அழுத்தம் 22. மூன்றாம் நாள் மாலை வீட்டுக்கு அனுப்பினோம்.

சிகிச்சையின் விளைவுகள்

வீட்டில் அசெட்டசோலமைட் 250 மி.கி. நாளொன்றுக்கு மூன்று வேளை எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு நாளில் அவர் அதை நிறுத்திவிட்டார். மறு பரிசோதனைக்கு வந்தபோது அழுத்தம் 31. கேட்டபோது, "விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருந்துச்சு டாக்டர், காபி வாயில வச்சா இரும்பு மாதிரி இருக்கு, பக்கவாதம் வரப்போகுதோன்னு பயந்துட்டேன்" என்றார். அவர் சொன்ன இரண்டுமே இந்த மாத்திரையின் நன்கறிந்த விளைவுகள். ஆபத்தானவை அல்ல, மாத்திரையை நிறுத்தினால் போய்விடும். மருந்து விவரங்கள், வீட்டுக்கு அனுப்பும் நேரத்தில் மகனிடம் சொல்லப்பட்டிருந்தன; மாத்திரையை விழுங்குபவரிடம் சொல்லப்படவில்லை. இரத்தத்தில் பொட்டாசியமும் 3.2 ஆகக் குறைந்திருந்தது. பொட்டாசியம் மருந்து தந்து, அசெட்டசோலமைட்டை இரு வேளையாகக் குறைத்து, எது வந்தால் பொறுக்கலாம், எது வந்தால் உடனே வர வேண்டும் என்பதை அவரிடமே சொன்னோம். தோலில் தடிப்பு, விலாவில் வலி, மூச்சுத் திணறல் ஆகிய மூன்றும் இரண்டாம் வகை. அதன்பின் ஒரு வேளைகூடத் தவறவில்லை. பத்து நாளில் மாத்திரையை நிறுத்திச் சொட்டு மருந்துக்கு மட்டும் மாற்றினோம்.

பைலோகார்பின் விட்ட இடது கண்ணில் புருவ வலியும், அந்தி வேளையில் மங்கலும் இருந்தன. லேசருக்குப் பின் அந்தச் சொட்டை நிறுத்தியதும் சரியாயின. லேசர் துளையின் வழியாகச் சில கோணங்களில் கண்ணின் கீழே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று தெரிவதாகச் சொன்னார். துளையை மேலே, இமைக்கு அடியில் இடுவதா, பக்கவாட்டில் இடுவதா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. இவருக்குச் சில வாரங்களில் பழகிவிட்டது.

நோயே விட்டுச்சென்ற விளைவுகள் இவற்றைவிடக் கனமானவை. வலது பாப்பா சுருங்கும் திறனை இழந்து, சுமார் 6 மி.மீ. அளவிலேயே நின்றுவிட்டது. வெயிலில் நடந்தால் கண் கூசியது. இரண்டு கண்ணும் சேர்ந்து ஆழம் பார்க்கும் திறன் குறைந்ததால், ஊசியில் நூல் கோக்கும்போது நூல் துளைக்கு முன்னாலேயே போய் நின்றது. நிறச் சாயம் பூசிய கண்ணாடியும், நூல் கோக்கும் சிறு கம்பிக் கருவியும் வாங்கித் தரச் சொன்னோம். தையலை விட்டுவிடுங்கள் என்று சொல்வது எளிது. அவருடைய வருமானம் அது. அதனால் விடச் சொல்லவில்லை.

ஆறாம் வாரமும் அதற்குப் பின்னும்

ஆறாம் வாரத்தில் வலது கண் பார்வை 6/36. பார்வை நரம்பு வெளிறியிருந்தது. பார்வை நரம்பை அரிக்கும் கண் அழுத்த நோயான கிளாக்கோமா மெல்ல வளரும்போது நரம்பு குழிந்து காணும். இங்கே குழிவு அதிகமில்லாமல் வெளிறல் மட்டும் இருந்தது. சில மணி நேரங்களிலேயே நரம்பு இழைகள் மடிந்ததற்கான அடையாளம் அது. பார்வைப் பரப்பு மூக்குப் பக்கம் குறுகியிருந்தது. லென்ஸின் மேல்பரப்பில் தாக்குதலின்போது உண்டான சாம்பல் வெண் புள்ளிகளும், தொடங்கிய கண்புரையும் இருந்தன.

மூன்றாம் மாதத்தில், லேசர் துளை திறந்தே இருந்தும், இரண்டு சொட்டு மருந்துகள் விட்டும் அழுத்தம் 27 ஆனது. கோணத்தில் பாதிக்கும் மேல் ஐரிஸ் நிரந்தரமாக ஒட்டியிருந்தது. இந்தக் கட்டத்தில் மூன்றாவது சொட்டைச் சேர்ப்பதா, வடிகால் அறுவை செய்வதா, லென்ஸை எடுப்பதா என்ற கேள்வி எழுந்தது. தாக்குதலுக்குப் பின் சீக்கிரமே லென்ஸை அகற்றியவர்களுக்கு அழுத்தம் மீண்டும் ஏறுவது மிகக் குறைவு என்றும், லேசர் மட்டும் செய்தவர்களில் பாதியை ஒட்டியவர்களுக்கு அது ஏறியது என்றும் ஹாங்காங்கிலிருந்து 2008-இல் வெளியான ஆய்வு காட்டியது. கோணம் மூடிய கண்ணில் லென்ஸை எடுப்பதன் பயனை 2016-இல் வெளிவந்த ஈகிள் ஆய்வும் உறுதிப்படுத்தியது. கண்புரையும் இருந்ததால் லென்ஸை எடுக்க முடிவு செய்தோம். கருவிழியைத் தெளிவாக வைத்திருக்கும் உட்புறச் செல்கள் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இடது கண்ணில் 2,500-க்கு மேல் இருக்க, வலது கண்ணில் 1,600 ஆகக் குறைந்திருந்ததால், அறுவைக்குப் பின் கருவிழி தெளிய நாளாகலாம் என்பதையும் முன்கூட்டியே சொன்னோம். தெளிய மூன்று வாரம் ஆனது.

மாற வேண்டியவை

கடும் தலைவலியும் வாந்தியுமாக வருபவரின் இரு கண்களையும் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க அரை நிமிடம் போதும். ஒரு கண் சிவந்து, அந்தப் பாப்பா பாதி விரிந்து அசையாமல், கருவிழி மங்கியிருந்தால் ஸ்கேனுக்கு அனுப்பும்போதே கண் மருத்துவரையும் அழைக்கலாம். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு மற்றதால் விரல்களை எண்ணச் சொல்வதும் அதே அரை நிமிடத்தில் அடங்கும். ஞாயிறு முழுவதும் படுத்திருந்தவரிடம் இதை யாராவது செய்திருந்தால் ஒரு பகலாவது மிஞ்சியிருக்கும். கண் மருத்துவர் வரத் தாமதமானால், சிறுநீரகமும் ஒவ்வாமையும் கேட்டறிந்து அசெட்டசோலமைட்டின் முதல் அளவை எந்த மருத்துவமனையிலும் தந்துவிட்டு அனுப்பலாம்.

இது அரிய நோய் என்ற எண்ணமும் மாற வேண்டும். சென்னைக் கிளாக்கோமா ஆய்வில் நாற்பது வயதைக் கடந்தவர்களில், கிராமத்திலும் நகரத்திலும் ஏறத்தாழ 0.9 சதவீதத்தினருக்குக் கோண அடைப்புக் கிளாக்கோமா இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு வலியே வருவதில்லை. அடைப்பு ஓசையின்றி வளர்கிறது. ஆகவே, பிளஸ் பவர் கண்ணாடி போட்ட ஐம்பது வயதுப் பெண் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்று சொன்னால், பவர் பார்ப்பதோடு நிறுத்தாமல் கோணம் பார்க்கக்கூடிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

எங்கள் மருத்துவமனையில் மாறியது இரண்டு. அசெட்டசோலமைட் எழுதினால், விரல் மரமரப்பையும் சுவை மாற்றத்தையும் பற்றி நோயாளியிடமே சொல்லி, அவர் திருப்பிச் சொல்வதைக் கேட்ட பிறகே செவிலியர் சீட்டைத் தருகிறார். கோண அடைப்பு உறுதியான ஒவ்வொருவரின் உடன்பிறந்தோரையும் பரிசோதனைக்கு அழைக்கிறோம்.

இறுதி நிலை

லென்ஸ் அறுவைக்கு ஓராண்டுக்குப் பின் வலது கண் பார்வை கண்ணாடியுடன் 6/18. ஒரே சொட்டு மருந்தில் அழுத்தம் 15. பார்வைப் பரப்பு அதற்குமேல் குறுகவில்லை. இழந்த பகுதி திரும்பவும் இல்லை. இடது கண் 6/9-இலேயே இருக்கிறது. அழுத்தம் 14, கோணம் லேசருக்குப் பின் திறந்திருக்கிறது.

அவருடைய தங்கை, 54 வயது, எந்தத் தொந்தரவும் இல்லாமல் பரிசோதனைக்கு வந்தார். இரு கண்களிலும் கோணம் மூடியிருந்தது. ஒரு கண்ணில் அழுத்தம் 24, சில இடங்களில் ஐரிஸ் ஒட்டத் தொடங்கியிருந்தது. கோணம் குறுகியிருக்கிறது என்ற சந்தேகம் மட்டும் உள்ள எல்லோருக்கும் லேசர் செய்யத் தேவையில்லை என்பதைக் குவாங்சோவில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. தங்கையின் கண் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டதால் இரு கண்களிலும் துளையிட்டோம். இப்போது மருந்தில்லாமல் அழுத்தம் 16. நோயாளியின் மகளுக்குக் கோணம் திறந்தே இருக்கிறது. நாற்பது வயதானபின் ஆண்டுதோறும் வரச் சொல்லியிருக்கிறோம்.